தெப்பக்குளத்தின் மேல் இரவில் ட்ரோன்: அனுமதியும் விளக்கும் – ஒரு கடலூர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூரை ஒட்டிய ஊர் ஒன்றில் தைப்பூசத்தன்று இரவு தெப்பம் நடக்கும். குளம் ஏறக்குறைய சதுரம், ஒரு பக்கம் 70 மீட்டர் இருக்கும். நான்கு கரையிலும் படிக்கட்டு, நடுவில் நீராழி மண்டபம். தெப்பம் ஏழரை மணிக்குக் கிளம்பி மண்டபத்தை ஐந்து சுற்று சுற்றி ஒன்பதரைக்குள் நிலைக்கு வரும். மேலிருந்து எடுத்த காட்சி வேண்டும் என்று விழாக் குழுவினர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு வீடியோ ஸ்டுடியோவைக் கேட்டார்கள். விழாவுக்கு 24 நாள் இருந்தது.

ஸ்டுடியோவிடம் இருந்தது 249 கிராம் எடையுள்ள நானோ ட்ரோன். அதற்குத் தனி அடையாள எண் உண்டு. பகலில் கல்யாணம், கும்பாபிஷேகம் எடுத்து நல்ல பழக்கம், இரவில் பறக்கவிட்டதில்லை. ஒளிரும் விளக்கு ஒன்றை வாங்கி முதுகில் ஒட்டுவது, ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது, இவ்வளவுதான் முதல் திட்டம்.

வான்வெளியும் விதியும்

முதலில் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்தார்கள். பச்சை மண்டலம். தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்க விமானப் போக்குவரத்துத் தரப்பில் முன் அனுமதி தேவையில்லை. அருகில் இயங்கும் விமான நிலையம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. கடலூர் அதிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. இதே வேலை புதுச்சேரிக்குள் வந்திருந்தால் நிலைமை வேறு. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரைதான் பச்சை. அதற்கு மேலேயும், 8 கிலோமீட்டருக்கு உள்ளேயும் போனால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியோ மத்திய அரசின் அனுமதியோ வேண்டும். புதுச்சேரி நகரின் பெரும்பகுதி அந்த 8 கிலோமீட்டருக்கு உள்ளேதான் விழுகிறது. கடலூரில் எடுத்துப் பழகியவர்கள் அதே கையோடு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஏற்றிவிடுவது இந்த வட்டாரத்தில் நடக்கும் தவறுகளில் பெரியது.

அடுத்தது இரவு பற்றிய கேள்வி. 2018 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருந்த பழைய விதிமுறை, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை மட்டுமே என்று வெளிப்படையாகச் சொன்னது. இன்றும் பலர் சொல்வது அதைத்தான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் அப்படி ஒரு பொதுத் தடை இல்லை. 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் ஆயிரம் ட்ரோன்கள் இருட்டில்தான் பறந்தன. ஆனால் தடை இல்லை என்பதால் எல்லாம் சரி என்றாகிவிடாது. இரவில் என்ன விளக்கு, எத்தனை தூரம் தெரிய வேண்டும் என்ற அளவும் அந்த விதிகளில் இல்லை. அளவு இல்லாத இடத்தில், கூட்டத்துக்குப் பொறுப்பான காவல்துறை எது போதும் என்று நினைக்கிறதோ அதுவே அளவு. தேவைப்பட்டால் அந்த இடத்தையே தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியின்றிப் பறக்கக் கூடாத இடமாக, அறிவிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

விளக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால் அமெரிக்க விதியை எடுத்துக்கொண்டார்கள். 2021 ஏப்ரல் முதல் அங்கே, பைலட் இரவுப் பயிற்சி முடித்திருந்து, ட்ரோனில் மூன்று மைல் தூரத்துக்குத் தெரியும் மோதல் தடுப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், தனி விலக்கு வாங்காமல் இரவில் பறக்கலாம். மூன்று மைல் என்பது சுமார் 4.8 கிலோமீட்டர். ஐரோப்பாவில் பச்சை நிற ஒளிர்விளக்கு கேட்கிறார்கள். இரண்டுமே இந்தியாவில் கட்டாயமில்லை. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்க ஒரு பிடிமானம், அவ்வளவே.

11 கிராம்

வாங்கி வந்த ஸ்ட்ரோப் விளக்கை, அதாவது வெட்டி வெட்டி எரியும் விளக்கை, நகைத் தராசில் வைத்தார்கள். உள்ளேயே பேட்டரி உள்ள வகை; ஒட்டும் வெல்க்ரோவோடு 11 கிராம். ட்ரோன் 249, விளக்கோடு 260.

வேலை திரும்பிய இடம் இதுதான். நம் விதிகளில் ட்ரோனின் வகை, சுமையையும் சேர்த்த மொத்த எடையை வைத்தே முடிவாகிறது. 250 கிராம் வரை நானோ. அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு வகைச் சான்று (அந்த மாடல் தரமானது என்று தரப்படும் சான்று) வேண்டாம், பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம். 260 கிராமில் அது நானோ இல்லை. காசு வாங்கிக்கொண்டு எடுப்பதால் மைக்ரோவுக்குரிய வகைச் சான்று, பைலட் சான்றிதழ், காப்பீடு மூன்றும் வேண்டும். அந்த மாடலுக்கு வகைச் சான்று கிடையாது. பாதுகாப்புக்காக ஒட்டும் விளக்கே பறப்பதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது.

ஒரு கிராமுக்குள் அடங்கும் விளக்கு தேடினார்கள். நாணய பேட்டரியில் எரியும் சிறு எல்இடிகள் கிடைத்தன. 200 மீட்டரிலேயே மங்கின. விளக்கில்லாமல் பறப்பதா என்ற பேச்சும் வந்தது. கரையில் ஆயிரக்கணக்கானோர் நிற்க, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் பக்கத்தில் பறக்கவிடுவதை எந்த விதியின் ஓட்டையும் நியாயப்படுத்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்டுடியோவும் அதே முடிவுக்கு வந்தது. நானோவை விட்டுவிட்டு, வகைச் சான்று பெற்ற இந்தியத் தயாரிப்பு மைக்ரோ ட்ரோன் ஒன்றையும் சான்றிதழ் பெற்ற பைலட் ஒருவரையும் வாடகைக்கு அமர்த்தினார்கள். விழாக் குழு கொடுப்பதாகச் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று.

புது ட்ரோன் கேமராவோடு 1.74 கிலோ. சான்றில் உள்ள உச்ச எடை 1.95 கிலோ. இரண்டு விளக்கும் கட்டும் பொருளும் சேர்ந்து 26 கிராம். எடை இடம் கொடுத்தாலும், சான்று பெற்ற ட்ரோனில் எதையும் இஷ்டத்துக்கு ஒட்டக் கூடாது. தயாரிப்பாளருக்கு எழுதி, எந்த இடத்தில் எவ்வளவு எடை வரை வைக்கலாம் என்று பதில் மின்னஞ்சல் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் அதிகம் உதவிய தாள்களில் அதுவும் ஒன்று.

அனுமதி

மூன்று இடங்களில் கேட்டார்கள். கோயில் செயல் அலுவலரிடம் படப்பிடிப்புக்கும், மேற்குக் கரையை ஒட்டிய பள்ளி நிர்வாகத்திடம் மைதானத்துக்கும் எழுத்தில் இசைவு. மாவட்ட காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விண்ணப்பம், நகல் உள்ளூர் ஸ்டேஷனுக்கு. முதல் இரண்டும் நான்கு நாளில் முடிந்தன.

காவல்துறைக்குக் கொடுத்த கட்டில் இருந்தவை: அடையாள எண், வகைச் சான்று, பைலட் சான்றிதழ், காப்பீடு, வான்வெளி வரைபடத்தின் அச்சு, குளத்தின் கை வரைபடம். அந்தக் கை வரைபடத்துக்கு அதிகம் உழைத்தார்கள். ட்ரோன் எந்த எல்லைக்குள் மட்டும் பறக்கும், எங்கே ஏறும், எங்கே இறங்கும், சிக்கல் வந்தால் எங்கே ஒதுங்கும் என்று நான்கு நிறத்தில் குறித்திருந்தார்கள். உயர உச்சம் 60 மீட்டர். கூட்டம் நிற்கும் கரைகளுக்கு மேலே பறக்காது. தெப்பத்தில் சுவாமியோடு அர்ச்சகர்களும் நாதஸ்வரக்காரர்களும் இருப்பதால் அதன் நேர் மேலேயும் பறக்காது. பக்கவாட்டில் 25 மீட்டர் தள்ளியே நிற்கும்.

உதவி ஆய்வாளர் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வி யாரும் எதிர்பாராதது: "ராத்திரி மேல ஒண்ணு பறந்தா அது உங்களோடதுன்னு பந்தோபஸ்துல நிக்கிற எங்க ஆளுக்கு எப்படித் தெரியும்?" அதுவரை விளக்கு என்றால் மற்ற வானூர்திகளுக்குத் தெரிவதற்கு என்றே நினைத்திருந்தார்கள். கீழே நிற்கும் காவலருக்கு அது அடையாளமும்கூட. வேறு யாராவது அனுமதியில்லாமல் இன்னொரு ட்ரோனை ஏற்றினால் பிரித்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலும் கீழும் வினாடிக்கு ஒருமுறை இரட்டையாக வெட்டும் வெள்ளை விளக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். எரியும் முறையை 20 வினாடி வீடியோவாக எடுத்து ஸ்டேஷன் எண்ணுக்கும் அனுப்பினார்கள். விழாவுக்கு ஆறு நாள் முன்பு அனுமதிக் கடிதம் வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், கேட்டால் உடனே இறக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

விளக்குச் சோதனை

முதல் சோதனை தேவனாம்பட்டினம் கடற்கரையில். விளக்கை மூங்கில் கழியில் கட்டி நிறுத்தி, ஒருவர் கரையோரமாகவே வடக்கே தாழங்குடா பக்கம் நடந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. கடல் பக்கம் இருட்டு. அங்கே எந்த விளக்கும் தேறிவிடும்.

குளக்கரையில் கதை மாறியது. சீரியல் செட் போடுகிறவர் வேலையைத் தொடங்கியிருந்த நாளில் அதே விளக்கை 30 மீட்டர் உயரத்தில் ஏற்றினார்கள். தெற்கு மதிலில் ஓடும் சீரியல் பல்புகளின் பின்னணியில் 120 மீட்டரிலேயே ட்ரோன் கண்ணிலிருந்து தொலைந்தது. வெளிச்சம் குறைவு என்பதல்ல காரணம். ஓடி ஓடி அணைந்து எரியும் நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே இன்னொரு வெட்டும் புள்ளியைக் கண் பிரித்தெடுக்கவில்லை. விளக்கைக் கூட்டுவது இதற்கு வழியல்ல. தெற்கு மதிலில் மட்டும் சீரியல் செட்டின் ஓட்டத்தை நிறுத்தி நிலையாக எரியவிடச் சொன்னார்கள். அவர் கண்ட்ரோலரில் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். அதோடு பைலட் நிற்கும் இடத்தை வடகரையிலிருந்து மேற்கே பள்ளி மைதானத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் ட்ரோனுக்குப் பின்னால் இருப்பது கிழக்கு வானம், கடல் பக்கம், கட்டட வெளிச்சம் குறைவு.

இன்னும் மூன்று சிக்கல்கள் அந்தச் சோதனையில்தான் வெளிப்பட்டன. மேல் விளக்கை முதலில் ட்ரோனின் மேல் ஓட்டின் நடுவில், ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தபோது ட்ரோனின் ஜிபிஎஸ் பிடித்தது 18 செயற்கைக்கோள்கள், எரியவிட்டதும் 13. விளக்குக்குள் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சுற்றிலிருந்து வரும் இரைச்சல் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் கெடுக்கும். ட்ரோனின் பின்பக்கக் கை தொடங்கும் இடத்துக்கு விளக்கை நகர்த்தியதும் எண்ணிக்கை 17-க்கு ஏறியது. எந்த விளக்கு ஒட்டினாலும் மோட்டாரைக் கிளப்பாமல் எரியவிட்டும் அணைத்தும் இந்த எண்ணைப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இரண்டாவது, மேல் விளக்கு மட்டும் இருந்தால் ட்ரோன் அருகில் வந்து உயரும்போது அதன் உடலே விளக்கை மறைத்துவிடுகிறது. தொலைவில் தெரிந்தது பக்கத்தில் தெரியவில்லை. அதனால்தான் கீழ் விளக்கு. கீழ் விளக்கு வைத்ததும் மூன்றாவது சிக்கல். தை மாதப் பனியில் ஒவ்வொரு வெட்டுக்கும் காட்சியின் ஓரத்தில் வெள்ளைப் படலம் விழுந்தது. விளக்கைக் கேமராவுக்கு எதிர்ப்புறம் பின்னுக்குத் தள்ளி, முன்பக்கம் மட்டும் கறுப்பு டேப்பால் அரை அங்குல மறைப்புக் கட்டினார்கள். விளக்கு எந்தத் திசையில் மறைகிறது என்று மறுபடி சுற்றிவந்து பார்த்த பிறகே அதை ஏற்றார்கள். வெல்க்ரோவை மட்டும் நம்பாமல் இரண்டு விளக்கையும் நைலான் கயிற்றால் காலோடு கட்டினார்கள். 40 மீட்டரிலிருந்து தலையில் விழுந்தால் 11 கிராமும் காயப்படுத்தும்.

கேமராவில், கரண்டு விளக்குகளின் துடிப்பு காட்சியில் பட்டைபட்டையாக ஓடாமலிருக்க ஷட்டரை 1/50-இல் நிறுத்தினார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

பகலில் செய்தது

விழாவுக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு மைதானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தடையையும் குறித்தார்கள். கிழக்கே செல்போன் கோபுரம் 32 மீட்டர். அதன் உச்சிச் சிவப்பு விளக்கு எரியவில்லை. வடமேற்கில் தென்னைகள். மைதானத்துக்கும் குளத்துக்கும் இடையில் கேபிள் டிவி ஒயர் ஒன்று, பகலிலேயே குனிந்து பார்த்தால்தான் தெரியும். ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை 45 மீட்டராக வைத்தார்கள்.

இருட்டில் ட்ரோனின் தடை உணரிகள் வேலை செய்யா. அவை கேமராக்கள், வெளிச்சம் வேண்டும். வயிற்றுப் பக்கத்துக் கேமராக்கள் தண்ணீருக்கு மேல் பகலிலேயே தடுமாறும். இரவில் அசையும் வெளிச்சப் பிம்பங்களை நிலம் என்று நினைத்து ட்ரோனை நகர்த்தும். ஆகவே குளத்துக்கு மேல் 15 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவானது. தாழ்வான காட்சி வேண்டும் என்று விழாக் குழு வற்புறுத்தியும் பைலட் மாறவில்லை. அவர் செய்தது சரி.

விழா இரவு

ஆறரை மணிக்கு ட்ரோனை ஏசி காரிலிருந்து எடுத்து வெளியில் வைத்தார்கள். குளிர்ந்த லென்ஸ் பனிக்காற்றில் உடனே வேர்க்கும். அரை மணி நேரம் கொடுத்தால் தெளியும். கண் இருட்டுக்குப் பழகவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும் என்பதால் பைலட்டும், ட்ரோனைக் கண்ணால் தொடர நிறுத்தியிருந்த கண்காணிப்பாளர்கள் இருவரும் அப்போதிருந்தே போனைத் தொடவில்லை. தலைவிளக்குகளில் சிவப்பு ஒளி. இறங்குதளத்தின் நான்கு மூலையிலும் சிறு எல்இடிகள், வெளிச்சம் மேலே அடிக்காமல் தரையைப் பார்க்கும்படி. கிளப்புமுன் வரைபடத்தை மறுபடி திறந்து, தற்காலிகச் சிவப்பு மண்டலம் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். தரையில் காற்று அடங்கியிருந்தது. 40 மீட்டரில் கிழக்கிலிருந்து இழுத்தது. ட்ரோன் சாய்ந்தே நின்றது.

முதல் சுற்று சிக்கலின்றி முடிந்தது. இரண்டாவது சுற்றில் தெப்பம் தென்கிழக்கு மூலையைத் திரும்பும்போது தெற்குக் கரையிலிருந்து வாணம் ஒன்று கிளம்பியது. ட்ரோன் மேலே இருக்கும்வரை வெடி, வாணம் வேண்டாம் என்று குழுவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆனால் வாணத்தைக் கொண்டு வந்தது குழு அல்ல, தனி உபயதாரர் ஒருவர். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தெற்குக் கண்காணிப்பாளர் வாக்கி-டாக்கியில் சொன்னது நான்கே சொற்கள்: "வாணம், தெற்கு, வெளிய வாங்க." பைலட் காரணம் கேட்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. வரைபடத்தில் குறித்த ஒதுங்கும் இடத்துக்கு, ஆளில்லாத மைதானத்தின் மேலே, கொண்டுவந்து இறக்கினார். இரண்டாவது வாணம் குளத்துக்கு மேல், சற்று முன்பு ட்ரோன் நின்ற உயரத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. வெளிச்சம் அடித்ததில் மூவரின் இருட்டுப் பார்வையும் போயிற்று. உதவி ஆய்வாளர் வாணத்தை நிறுத்தச் சொன்ன பிறகும் கண் தெளியும்வரை காத்திருந்தார்கள். நான்காம் சுற்றில்தான் மறுபடி ஏற்றினார்கள். மூன்றாம் சுற்று முழுதும் படத்தில் இல்லை.

நான்காம் சுற்றின் நடுவில், ட்ரோன் தானாக இடப்பக்கம் நகர்வதாக ஒரு கண்காணிப்பாளர் சொன்னார். திரையில் நகர்வு இல்லை. இருண்ட பின்னணியில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது அசைவதாகக் கண் காட்டும். விமானிகளின் இரவுப் பயிற்சியில் இதைத் தனியாகச் சொல்லித் தருவார்கள். பக்கத்தில் தெரிந்த நீராழி மண்டபத்தின் கலசத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் பைலட். ட்ரோன் நின்ற இடத்திலேயே இருந்தது.

பேட்டரி 35 சதவீதத்தில் இறக்கி மாற்றினார்கள். பகலில் 25 வரை போவது வழக்கம். ஒன்பது இருபதுக்குக் கடைசியாக இறங்கியது. கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போயிற்று.

பின்விளைவு

யாருக்கும் காயமில்லை, பொருள் சேதமில்லை. விபத்து எதுவும் இல்லாததால், 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்துக்குச் செய்ய வேண்டிய அறிக்கை தேவைப்படவில்லை. ஆனாலும் வாணம் பற்றிய குறிப்பை நேரத்தோடு எழுதி ஸ்டேஷனில் கொடுத்தார்கள். அதே இரவில் கிழக்குக் கரைப் பக்கம் விளக்கில்லாத இன்னொரு ட்ரோன் ஏறியிருக்கிறது. வெட்டும் முறையைத் தெரிந்து வைத்திருந்த காவலர்கள் அது வேறு என்று உடனே அடையாளம் கண்டு இறக்கினார்கள். உதவி ஆய்வாளர் கேட்ட கேள்விக்கு நடைமுறையில் பதில் கிடைத்தது அப்போதுதான்.

படம் விழாக் குழுவுக்குப் பிடித்தது, மூன்றாம் சுற்று விடுபட்டதில் சிறு மனக்குறையோடு. ஸ்டுடியோவுக்குப் பணத்தில் மிச்சம் அதிகமில்லை.

மாற்ற வேண்டியவை

வாணம் விடுகிறவர் யார் என்று முன்கூட்டியே பெயரோடு கேட்டு, அவர் பக்கத்தில் ஒரு வாக்கியோடு ஆள் நிற்க வேண்டும். குழுவின் கையெழுத்து அந்த ஆளை எட்டாது. உபயதாரர்கள் பலர் சேர்ந்து நடத்தும் விழாக்களில் ஒவ்வொரு உபயத்தையும் தனித்தனியாகவே விசாரிக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு 24 நாள் போதவில்லை. விளக்கு முடிவானால்தான் எடை முடிவாகும், எடை முடிவானால்தான் வகை, வகை முடிவானால்தான் என்னென்ன சான்று என்று தெரியும். இந்த வரிசையில் முதல் பத்து நாள் போய்விட்டது. விளக்கை முதல் நாளே தராசில் வைத்திருந்தால் அந்த நாட்கள் மிச்சம். இரவு வேலையை ஒப்புக்கொள்ளுமுன், விளக்கோடும் அதைக் கட்டும் பொருளோடும் ட்ரோனை நிறுத்துப் பார்த்துவிட்டே கூலி பேச வேண்டும்.

செல்போன் கோபுரத்தின் எரியாத விளக்கைப் பற்றி அதன் நிறுவனத்துக்கு அன்றே எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை. அடுத்த விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போக வேண்டிய வேலைகளில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.